அண்ணன் சொல்லும் ஹங்கேரி

அம்மா, மகனை அடுத்து என்ன படிக்க வைப்பது என்று கேட்டீர்கள். ப்ளஸ் டூ படிக்கிற பையன் சாயங்காலம் முழுக்க குத்துச்சண்டைப் பயிற்சியே கதியென்று கிடந்தால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் 'ஹங்கேரியில் எம்பிபிஎஸ் சேர்த்துவிடலாம்' என்று உங்கள் அண்ணன் சொல்வதற்கு நான் தலையாட்ட மாட்டேன். ஆறு வருடப் படிப்பு, வருடத்துக்கு 15,000 டாலருக்கு மேல் கட்டணம், திரும்பி வந்தால் இங்கே தகுதித் தேர்வு வேறு. வீட்டை அடமானம் வைத்து, பையனுக்குப் பிடிக்காத படிப்பா? வேண்டவே வேண்டாம்.

ஹங்கேரி என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் லாஸ்லோ பாப். (அங்கே நம் இனிஷியல் போலக் குடும்பப் பெயர் முன்னால் வரும், பாப் லாஸ்லோ என்பார்கள்.) 1948, 1952, 1956 என ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற முதல் குத்துச்சண்டை வீரர். 31 வயதில், பணத்துக்குச் சண்டை போடும் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்தார். அன்றைய கம்யூனிஸ்ட் ஹங்கேரியில் அதற்கு இடமில்லாததால் ஆஸ்திரியாவின் வியன்னாவுக்குப் போக வேண்டியிருந்தது. 29 சண்டைகளில் 27 வெற்றி, 2 சமன். உலகப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு கைக்கெட்டிய நேரத்தில் கம்யூனிஸ்ட் அரசு வெளியே போக அனுமதி மறுத்துவிட்டது. அத்தோடு சரி.

தொழில்முறையில் தோற்காத மனிதருக்கே 38 வயதில் மேடை முடிந்தது. இதை மகனுக்கும் சொல்லுங்கள். ஆனால் அப்புறம் 1971 முதல் 1992 வரை அவர் தேசிய அணிக்குப் பயிற்சியாளர். தொழில்முறையில் சண்டை போட்டது ஏழு வருடம், கற்றுக்கொடுத்தது இருபத்தொரு வருடம்!

அன்று நாம் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகன் தன் தம்பியின் கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தான். கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, பிறகு விரல் முட்டிகள். "விரலை விரிடா, இறுக்கினா மரத்துப் போகும்" என்றான். நான் பார்த்தது வீரனை அல்ல, வாத்தியாரை.

புடாபெஸ்டில் விளையாட்டு அறிவியலுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பயிற்சியாளர் பட்டப்படிப்பு ஆங்கிலத்திலும் உண்டு. ஹங்கேரி அரசின் 'ஸ்டிபெண்டியம் ஹங்காரிகம்' உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் கிடையாது. விடுதி அல்லது அதற்கான பணம், மாதம் 43,700 ஃபோரின்ட் (ஹங்கேரி நாணயம்), மருத்துவக் காப்பீடு எல்லாம் கிடைக்கும். அந்த மாதப் பணம் சாப்பாட்டுக்கே பற்றாது, மீதிக்கு நீங்கள்தான் அனுப்ப வேண்டும். இப்போதே கணக்குப் போடுங்கள். விண்ணப்பம் வழக்கமாக ஜனவரி நடுவில் முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் இங்கேயே ஒரு பட்டம் முடித்து, பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் குத்துச்சண்டைப் பயிற்சியாளர் டிப்ளமாவுக்கு முயலட்டும்.

அடுத்த வாரம் அவனுடைய போட்டிச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.