இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்த கொள்ளுத்தாத்தாவின் கல்லறையைக் கண்டுபிடிப்பது எப்படி? உழவுக் குடும்பம், கடிதம் எதுவும் மிஞ்சவில்லை.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் தேடுங்கள். 3.9.1939 முதல் 31.12.1947 வரை இறந்த படைவீரர்கள் அதில் உண்டு.

பெயரை மட்டும் போட்டால் பெரும்பாலும் கிடைக்காது. படையில் சேர்த்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ‘சுப்பையா’வே நாலு விதமாக இருக்கும். முதல் மூன்று எழுத்து, படைப்பிரிவு, இறந்த ஆண்டு என்று சலியுங்கள். வீட்டில் பதக்கம் இருந்தால் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். படை எண் பொறித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. தகப்பன் பெயரும் ஊரும் பொருந்தினால்தான் நம்பலாம்.

கல்லறையே இல்லாமலும் போகலாம். உடல் கிடைக்காத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் ரங்கூன் (இன்றைய யாங்கோன்) அருகே தௌக்கியான் போர்க் கல்லறையில் உள்ள ரங்கூன் நினைவுத் தூண்களில் படைப்பிரிவு வாரியாக இருக்கின்றன. எரியூட்டப்பட்டவர்களுக்கு அங்கேயே தனி நினைவுச்சின்னம்.