எஃப்-35: வாங்கிய பின் தொடங்கும் விலை

அன்புள்ள ஐயா,

2025 ஜூனில் பிரிட்டன் வைத்திருக்கும், அமெரிக்கத் தயாரிப்பான எஃப்-35பி போர் விமானம் ஒன்று திருவனந்தபுரத்தில் அவசரமாக இறங்கி ஒரு மாதத்துக்கும் மேல் அங்கேயே நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். கேரள சுற்றுலாத்துறை அதை வைத்து விளம்பரம்கூடப் போட்டது. அன்றிலிருந்து இந்த விமானத்தைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துவருகிறேன். தெளிவு வரவில்லை.

ஒரு விமானம் 8 கோடி டாலர் சொச்சம் என்கிறார்கள். இன்னொரு கட்டுரையில் மொத்தச் செலவு 2 லட்சம் கோடி டாலரைத் தாண்டும் என்று இருக்கிறது. எது உண்மை? 2015-லேயே படையில் சேர்ந்த விமானத்துக்கு இன்னும் ‘பிளாக் 4’ என்று மேம்பாட்டு வேலை நடக்கிறதாம், அதுவும் பல வருடம் தாமதமாம்.

நான் கோவையில் சிறிய இன்ஜினியரிங் பட்டறை நடத்துகிறேன். டிராயிங் இறுதியாகாமல் லேத்தில் ஒரு பீஸ்கூட ஏற்ற மாட்டோம். இந்தச் சின்ன விஷயம் அமெரிக்காவுக்குத் தெரியாதா? அல்லது எல்லாமே தெரிந்தே நடக்கும் கொள்ளையா? இந்தியாவும் இதை வாங்கலாம் என்று ஒரு பேச்சு வந்ததே, உங்கள் கருத்து என்ன?

அன்புடன்
எஸ்., கோவை

*

அன்புள்ள எஸ்.,

கொள்ளை என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை மிச்சம். லாபம் பார்த்தவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். ஆனால் நான் படித்தவரையில், இந்தச் செலவில் பெரும்பகுதி அந்தந்தச் சமயத்தில் நியாயமாகத் தோன்றிய முடிவுகளால் வந்தது. திருட்டு என்றால் பிடித்துவிடலாம், இதைப் பிடிக்க முடியவில்லை.

உங்கள் இரண்டு எண்களும் உண்மைதான். விமானப்படைக்கான எஃப்-35ஏ வகை, 15 முதல் 17 வரையிலான தயாரிப்புத் தொகுதிகளில் சராசரியாக 8.25 கோடி டாலருக்கு வந்தது. அதற்கு முந்தைய தொகுதியில் 8 கோடிக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. இது பறக்கும் நிலையில் ஒரு விமானத்தின் விலை மட்டும். உதிரிபாகம், பயிற்சிக் கருவிகள், ஆயுதம், விமானதளத்தில் கட்டவேண்டிய கட்டடம் எதுவும் இதில் சேராது. 2 லட்சம் கோடி என்பது சுமார் 2,400 விமானங்களை வாங்கி, 2088 வரை பறக்கவிட்டு, பராமரித்து முடிக்க அமெரிக்காவுக்கு ஆகும் மொத்தம். பராமரிப்பு மட்டும் 1.58 லட்சம் கோடி. 2018-ல் இதே மதிப்பீடு 1.1 லட்சம் கோடியாக இருந்தது. ஐந்தே வருடத்தில் 44 சதவீதம் ஏறியதற்கு விலைவாசியும், விமானங்களைக் கூடுதல் வருடங்கள் பறக்கவிடும் திட்டமும் ஓரளவு காரணம். இன்னும் பிறக்காத ஒரு மெக்கானிக்கின் சம்பளம்வரை சேர்த்த கணக்கு அது. அதைப் பார்த்து மயங்கி விழ வேண்டியதில்லை.

நான் கவனிப்பது வேறொரு சின்ன எண்ணை. ஒரு எஃப்-35ஏ விமானத்தை ஒரு வருடம் வைத்திருக்க 41 லட்சம் டாலருக்கு மேல் தாங்காது என்று அமெரிக்க விமானப்படை ஒரு வரம்பு வைத்திருந்தது. பின்னர் அந்த வரம்பையே 68 லட்சமாக உயர்த்தியது. கூடவே, வருடத்துக்கு இத்தனை மணி நேரம் பறக்கும் என்ற திட்டத்தையும் குறைத்துக்கொண்டது. செலவு இலக்குக்குள் வராததால் இலக்கு செலவை நோக்கி நடந்துவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு, 2023 மார்ச்சில் ஏதாவது ஒரு பணிக்குத் தயாராக இருந்தவை சுமார் 55 சதவீதம்தான். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. சொல்லும் கணக்கு இது.

இனி உங்கள் டிராயிங். அமெரிக்காவுக்குத் தெரியாமல் இல்லை. 2001 அக்டோபரில் இதைச் செய்யும் ஒப்பந்தம் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துக்குக் கிடைத்தது. எஃப்-35 முதன்முதலில் பறந்தது 2006 டிசம்பரில். வடிவமைப்புக் கட்டச் சோதனைப் பறத்தல்கள் முடிந்தது 2018 ஏப்ரலில். அதற்குள் 250-க்கும் மேற்பட்ட விமானங்கள் தயாரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. சோதனையும் உற்பத்தியும் ஒரே நேரத்தில் ஓடட்டும், கணினி மாதிரிகள் இவ்வளவு துல்லியமாக இருக்கும்போது சோதனையில் பெரிதாக என்ன தெரியவரப் போகிறது என்ற நம்பிக்கை. சோதனையில் தெரியவந்த ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே செய்து முடித்த விமானங்களைத் திரும்பப் பிரிக்க வேண்டியிருந்தது. 2012-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் கொள்முதல் பொறுப்பில் இருந்த ஃபிராங்க் கெண்டல், முதல் பறத்தலுக்குப் பல வருடம் முன்பே உற்பத்திக்குப் போனது தொழில் ஒழுக்கத்துக்கே விரோதம் என்ற பொருளில் பகிரங்கமாகச் சொன்னார். சொன்ன பிறகும் உற்பத்தி நிற்கவில்லை. நிறுத்தினால் ஒவ்வொரு விமானத்தின் விலையும் ஏறும், எட்டுப் பங்காளி நாடுகள் முறைக்கும். முழு அளவு உற்பத்திக்கு முறையான அனுமதி 2024 மார்ச்சில்தான் வந்தது. அப்போது தயாரிப்பு எண்ணிக்கை ஆயிரத்தை ஒட்டி இருந்தது.

பிளாக் 4 ஏன் இழுக்கிறது என்று புரிய, எல்லாரும் பேசும் மென்பொருளைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு வெப்பத்தைப் பாருங்கள். எனக்கு இந்தக் கதையிலேயே சுவாரசியமான பகுதி இதுதான்.

ரேடாரில் சிக்காத விமானம் தன் ஆயுதங்களையும் எரிபொருளையும் மின்னணுக் கருவிகளையும் உடலுக்குள்ளேயே மூடி வைத்துக்கொள்ள வேண்டும். காற்று வாங்கிக் குளிர வெளியே நினைத்த இடத்தில் ஓட்டை போட முடியாது. ஓட்டையின் விளிம்பு ரேடாருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கருவிகளின் சூட்டில் பெரும்பகுதியை எரிபொருள் வாங்கிக்கொள்கிறது. குளிரூட்டும் அமைப்பை ஓட்ட எஞ்சினின் கம்ப்ரஸரிலிருந்து அழுத்தக் காற்றை உருவுகிறார்கள். எவ்வளவு குளிர்ச்சி தேவைப்படும் என்று ஆரம்பத்தில் ஒரு கணக்குப் போட்டு, அதை வைத்து எஞ்சினை வடிவமைத்தார்கள். கருவிகள் எல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்தபோது தேவை அதைப்போல் இரு மடங்கு ஆகியிருந்தது. எஞ்சினிலிருந்து கூடுதல் காற்றை உருவினால், அதே உந்துவிசையைக் கொடுக்க எஞ்சின் இன்னும் சூடாக ஓட வேண்டும். சூடாக ஓடினால் உள்பாகங்கள் சீக்கிரம் தேய்ந்து, எஞ்சின் முழுப் பழுதுபார்ப்புக்குச் சீக்கிரம் வரும். இந்த ஒரு காரணத்தால் விமானங்களின் ஆயுள்காலம் முழுவதும் சேர்த்து 3,800 கோடி டாலர் கூடுதல் பராமரிப்புச் செலவு என்று 2023-ல் ஜி.ஏ.ஓ. எழுதியது.

இதெல்லாம் பிளாக் 4-க்கு முன்பு இருந்த நிலைமை. புதிய ரேடார், வலுவான மின்னணுப் போர்க் கருவிகள், பல மடங்கு வேகமான கணினி என்று பிளாக் 4-ல் வரும் எல்லாமே இன்னும் சூடு கிளப்புபவை. ஆகவே மேம்பாட்டைச் செய்ய எஞ்சினை மேம்படுத்த வேண்டும், குளிரூட்டியையும் மாற்ற வேண்டும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம், பறக்கும் நிலைக்கு ஏற்பக் காற்றோட்டத்தை மாற்றிக்கொள்ளும் தகவமைப்பு வகையில் முற்றிலும் புதிய எஞ்சின் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டியது. செங்குத்தாக இறங்கும் எஃப்-35பி வகைக்குள் அதைப் பொருத்துவது கடினம், செலவும் அதிகம் என்று 2023-ல் அதைக் கைவிட்டு, இப்போதிருக்கும் பிராட் அண்ட் விட்னி எஃப்135 எஞ்சினின் உள்பாகத்தை மட்டும் மேம்படுத்த முடிவெடுத்தார்கள். அப்போது விமானப்படைச் செயலராக இருந்தவர் அதே ஃபிராங்க் கெண்டல். எஃப்-35 எஞ்சின் போட்டியிலிருந்து ஜெனரல் எலக்ட்ரிக் வெளியே போனது அது இரண்டாம் முறை. ரோல்ஸ்-ராய்ஸுடன் சேர்ந்து அது செய்த மாற்று எஞ்சினை 2011-லேயே பணத்தைக் காரணம் காட்டி நிறுத்தியிருந்தார்கள். அன்று மிச்சப்படுத்தியதையும் இந்த 3,800 கோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை. ஆனால் போட்டி இருந்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. வெப்பக் கணக்கு தப்பியது விமானத்தின் வடிவமைப்பில்தான்.

மென்பொருள் கதை அதைவிடச் சின்னது, சங்கடமானது. பிளாக் 4-க்கு அடித்தளமாக டிஆர்-3 என்ற புதிய கணினியும் திரையும் நினைவகமும் வந்தன. பெட்டி வந்தது, அதில் ஓடவேண்டிய மென்பொருள் பறக்கும்போது நிலைகுலைந்தது. 2023 ஜூலையிலிருந்து ஒரு வருடம் பென்டகன் புதிய விமானங்களை வாங்கிக்கொள்ள மறுத்தது. தயாரிப்பு வரிசை மட்டும் ஓடிக்கொண்டே இருந்ததால், டெக்ஸாஸின் ஃபோர்ட் வொர்த்தில் வேலை முடிந்த விமானங்கள் வரிசையாக நின்றன. 2024 ஜூலையில், போருக்கு இன்னும் தயாராகாத, பயிற்சிக்கு மட்டும் போதுமான மென்பொருளோடு எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். விமானத்துக்குச் சுமார் 50 லட்சம் டாலரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். 2024-ல் ஒப்படைத்த 110 விமானங்களும் தாமதம், சராசரியாக 238 நாள். பிளாக் 4 திட்டமோ 2018-ல் 1,060 கோடி டாலர் மதிப்பீட்டில் தொடங்கியது. இன்று அதைவிட 600 கோடிக்கு மேல் அதிகம், முன்பு சொன்னதைவிடக் குறைவான வசதிகளோடு 2031-ல்தான் முடியும். கைவிட்ட வசதிகளில் சில, புதிய எஞ்சின் வந்தால் மட்டுமே சாத்தியமானவை. பாருங்கள், திரும்பச் சூட்டுக்கே வந்துவிட்டோம்.

உங்கள் பட்டறையோடு ஒப்பிட்டதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. உங்களிடம் ஜாப் ஆர்டர் கொடுப்பவர் டிராயிங்கைத் தன் கையில் வைத்திருப்பார். நாளைக்கு உங்கள் ரேட் கட்டவில்லை என்றால் அடுத்த தெருப் பட்டறைக்குப் போவார். எஃப்-35-ல் டிராயிங் விற்றவனிடம் இருக்கிறது. பராமரிப்புக்கு வேண்டிய தொழில்நுட்பத் தரவுகளின் உரிமையை அமெரிக்க அரசு முழுதாக வாங்கவில்லை. 2000-களின் தொடக்கத்தில், பராமரிப்பு முழுவதையும் நிறுவனமே பார்த்துக்கொள்ளும், அதுதான் சிக்கனம் என்று கருதினார்கள். இன்று அரசின் பணிமனைகளில் பழுதுபார்க்கலாம் என்றால் பல பாகங்களுக்கு வேண்டிய விவரம் கையில் இல்லை. நீங்கள் கேட்ட கொள்ளையை நான் எங்காவது காட்டவேண்டும் என்றால் இங்கேதான் காட்டுவேன். இதிலும் யாரும் பூட்டை உடைக்கவில்லை, சாவியைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அமெரிக்காவுக்கே இந்த நிலை என்றால் வாங்குகிறவர் பாடு? சுவிட்சர்லாந்து 2020-ல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, புதிய போர் விமானங்களுக்கு 600 கோடி ஃபிராங்க் வரை செலவிட 50.1 சதவீத ஆதரவோடு அனுமதி வாங்கியது. 36 எஃப்-35ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டு, விலை நிலையானது, மாறாது என்று மக்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது. 2025-ல் அமெரிக்கத் தரப்பு, அது உங்கள் தவறான புரிதல், விலைவாசிக்கு ஏற்பக் கூடும் என்றது. வித்தியாசம் 65 கோடி முதல் 130 கோடி ஃபிராங்க் வரை. இத்தனை வங்கிகள் உள்ள நாடு ஒப்பந்தத்தின் ஒரு வரியை எப்படிப் படிக்காமல் விட்டது என்று நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். அரசிடமிருந்து அரசு வாங்கும் அந்த முறையில், அமெரிக்கா தனக்குக் கிடைக்கும் விலையை அப்படியே கைமாற்றிவிடும். அந்த விலையே இன்னும் பேசி முடியாத தொகுதிகளிலிருந்துதான் சுவிஸ் விமானங்களில் பலவும் வரவேண்டியிருந்தன.

திருவனந்தபுரத்தில் நின்ற விமானத்தின் சொந்தக்கார நாடும் இதே வரிசையில் இருக்கிறது. பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம் 2069 வரைக்கும் 5,700 கோடி பவுண்டு ஆகும் என்றது. ஆட்கள், எரிபொருள், கட்டுமானம் எல்லாம் சேர்த்தால் 7,100 கோடி என்று அந்நாட்டின் தணிக்கை அலுவலகம் 2025 ஜூலையில் திருத்தியது. பணத்தைவிட உறுத்துவது ஆயுதம். தூரத்திலிருந்து தரை இலக்கைத் தாக்கும் ஸ்பியர் 3 ஏவுகணையைத் தங்கள் எஃப்-35பி-யில் இணைக்க பிரிட்டன் 2030-களின் தொடக்கம்வரை காத்திருக்க வேண்டும். விமானத்தின் மென்பொருளுக்குள் அதைச் சேர்க்கும் வேலை பிளாக் 4 வரிசையில் நிற்கிறது. ஏவுகணை அவர்களுடையது, விமானம் அவர்களுடையது, வரிசை அமெரிக்காவுடையது. இதில் ஓரளவு தப்பித்த ஒரே நாடு இஸ்ரேல். தன் சொந்த மின்னணுக் கருவிகளைப் பொருத்தும் உரிமையை ஆரம்பத்திலேயே பேசி வாங்கிவிட்டது.

இவ்வளவு சொன்னதால் எஃப்-35 உதவாத விமானம் என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்தொன்பது நாடுகள் சும்மா வரிசையில் நிற்கவில்லை. வானில் அது பார்க்கும் அளவுக்குப் பார்க்கக்கூடிய, அதே சமயம் பார்வையில் படாத விமானங்கள் உலகில் மிகக் குறைவு. எதிராளியின் ரேடாரும் ஏவுகணையும் மாறும்வரை இதுவும் மாறிக்கொண்டேதான் இருக்கவேண்டும். மேம்பாடு நடப்பதில் எனக்குக் குறை இல்லை. எதை, எப்போது, என்ன விலைக்கு மேம்படுத்துவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் பணம் கொடுப்பவரிடம் இல்லாததுதான் குறை.

கடைசியாக நம் ஊர். 2025 பிப்ரவரியில் மோடி வாஷிங்டன் போனபோது டிரம்ப், இந்தியாவுக்கு எஃப்-35 கொடுக்க வழி செய்வோம் என்றார். அதே வாரம் பெங்களூரு விமானக் கண்காட்சியில் எஃப்-35-ம் ரஷ்யாவின் சு-57 போர் விமானமும் வந்திருந்தன. என் கருத்து, வேண்டாம். ரஷ்யாவின் எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணை அமைப்பை வாங்கியதற்காக, திட்டத்தின் பங்காளியாக இருந்து பாகங்களும் தயாரித்துக்கொண்டிருந்த துருக்கியையே 2019-ல் வெளியேற்றினார்கள். நம்மிடம் எஸ்-400 இருக்கிறது. அதை மீறிக் கொடுத்தாலும், பிரிட்டன் நிற்கும் வரிசையில் நாம் எங்கே நிற்போம்?

நம் பணம் நாமே செய்யும் ஆம்கா விமானத்துக்குப் போகட்டும். முன்மாதிரிகளுக்கு 2024 மார்ச்சில் சுமார் 15,000 கோடி ரூபாய் ஒதுக்கியாயிற்று. முதல் விமானங்கள் ஜெனரல் எலக்ட்ரிக்கின் எஃப்414 எஞ்சினோடு பறக்கும். அதைப் பற்றி வரும் செய்திகளில் எல்லாரும் வேகத்தையும் ஏவுகணை எண்ணிக்கையையும்தான் எழுதுகிறார்கள். இருபது வருடம் கழித்து வரப்போகும் ரேடாருக்கும் கணினிக்கும் சேர்த்து, இன்றைய தேவைக்கு மேல் எத்தனை கிலோவாட் குளிரூட்டல் மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று அடுத்த கண்காட்சியில் யாராவது ஒருவர் கேட்டால் நன்றாயிருக்கும்.