வளைவும் டைல்ஸும் அப்புறம்: பழைய கடைத்தெருவை மீட்க எங்கே தொடங்குவது?

கேள்வி: மதுரையில் மாசி வீதிகளை ஒட்டிய ஒரு பழைய கடைத்தெருவில் வியாபாரிகள் சங்கச் செயலாளராக இருக்கிறேன். மொத்தம் எழுபது கடைகள். அதில் பத்துப் பன்னிரண்டு ஷட்டர் இறக்கியே கிடக்கின்றன. மாநகராட்சியைக் கேட்டு நுழைவாயிலில் வளைவும் டைல்ஸ் தரையும் போடுவது, பிளாட்பாரக் கடைகளை அகற்றுவது, உறுப்பினர்களுக்குக் கடன் வாங்கித் தருவது, தெருவுக்கென்று ஒரு ஆப் செய்வது என்று நான்கு தீர்மானம் போட்டிருக்கிறோம். எதில் தொடங்கலாம்?

பதில்: நான்கில் எதையும் இப்போது தொடாதீர்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

மாலில் எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை வர வேண்டும், கழிப்பறை எங்கே, வண்டி எங்கே, எப்போது பெருக்க வேண்டும் என்று பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். உங்கள் தெருவில் எழுபது முதலாளிகள், ஒவ்வொருவருக்கும் அவரவர் சரக்கு அத்துப்படி. ஆனால் தெருவைப் பார்க்க ஒருவரும் இல்லை. சங்கச் செயலாளர் பார்க்கலாமே என்றால், உங்களுக்கும் கடை இருக்கிறது; மாலை ஆறு மணிக்குக் கல்லாவை விட்டு எழுந்து வர முடியாது. ஆகவே முதல் செலவு, தெருவுக்கென்று ஒரு ஆள். அரைநாள் வேலை போதும். நல்ல பேச்சும் கணக்கும் தெரிந்த, அந்தப் பகுதியிலேயே வளர்ந்த பட்டதாரி யாராவது கிடைப்பார்.

சம்பளத்துக்குப் பணம்? திறந்திருக்கும் ஐம்பத்தெட்டு, அறுபது கடைகளும் நாளொன்றுக்கு 20 ரூபாய் எடுத்து வைத்தால் மாதம் சுமார் 35,000 சேரும். இது உங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. விருதுநகர், சிவகாசி வியாபாரிகள் மகமை, அதாவது பொதுக் காரியத்துக்கென்று வியாபாரத்தில் ஒதுக்கும் பங்கை, வசூலித்துப் பள்ளிக்கூடங்களையே நடத்தியவர்கள். காமராஜர் படித்த விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலா பிடியரிசியிலும் மகமையிலும் வளர்ந்தது. கனடாவின் டொராண்டோவில் புளூர் வீதியின் மேற்குப் பகுதி வியாபாரிகள் 1970-இல் இதையே சட்டப்படி செய்தார்கள். சுரங்க ரயில் வந்ததும் டிராமில் வந்து இறங்கிய கூட்டம் பூமிக்கடியில் போய்விட்டது. புறநகரில் மால்களும் முளைத்தன. வியாபாரிகள் தங்கள் மேல் தாங்களே ஒரு தீர்வையைப் போட்டுக்கொண்டு விளக்கு, மரம், பெஞ்சு, விழா என்று செலவழித்தார்கள். இன்று உலகெங்கும் நடக்கும் கடைவீதி மேம்பாட்டு அமைப்புகளுக்கு அதுதான் முன்னோடி. 1999-இல் வெளியூர்ப் பேருந்துகள் மாட்டுத்தாவணி நிலையத்துக்குப் போனபோது உங்கள் பகுதியின் கூட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் கூடவே போனது.

ஒரு வித்தியாசம் உண்டு. டொராண்டோவில் அந்தத் தொகையை நகராட்சியே வரியோடு சேர்த்து வசூலித்துக் கொடுத்துவிடும். கொடுக்காமல் சுகம் மட்டும் அனுபவிக்க யாராலும் முடியாது. நம்மிடம் அப்படிச் சட்டம் இல்லை. பத்துப் பேர் கொடுக்காமல் இழுப்பார்கள், அதைப் பார்த்து மற்றவர்கள் நிறுத்துவார்கள். இதற்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: சங்கத்தைச் சங்கப் பதிவுச் சட்டத்தில் முறையாகப் பதிந்து, தனி வங்கிக் கணக்கு வைத்து, மாதா மாதம் வரவு செலவைத் தெருமுனைப் பலகையில் ஒட்டுவது. கொடுத்தவர் பெயரும் கொடுக்காதவர் பெயரும் தானாகத் தெரிந்துவிடும்.

அந்த ஆளுக்கு முதல் வேலை எண்ணுவது. ஒரு சாதாரண நாள், ஒரு சனிக்கிழமை, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஒன்று. தெருவின் இரண்டு முனையிலும் கல்லூரிப் பிள்ளைகளை நிறுத்தி, எத்தனை பேர் நுழைகிறார்கள், எத்தனை பேர் கையில் பையோடு வெளியேறுகிறார்கள், பெண்கள் எத்தனை, நிறுத்த இடமில்லாமல் திரும்பிய வண்டி எத்தனை என்று மணிக்கணக்கில் குறிக்கச் சொல்லுங்கள். நிற்கும் வண்டிகளின் எண்களையும் காலையிலும் மாலையிலும் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைத்தெருக்களில் ஒரு கசப்பான உண்மை வெளிவரும்: காலை பத்து மணிக்கு நிறுத்தி இரவு வரை நகராத வண்டிகள் கடைக்காரர்களுடையதும் வேலைக்காரர்களுடையதும். அவற்றை வடக்கு ஆவணி மூல வீதி பார்க்கிங்கிலோ வேறு காலியிடத்திலோ மாத வாடகை கொடுத்து நிறுத்தினாலே, நயா பைசா மாநகராட்சிப் பணம் இல்லாமல் வாடிக்கையாளருக்கு இடம் கிடைத்துவிடும். சங்கத்துக்குள் சண்டை வரும். வரட்டும்.

இந்த எண்கள் கையில் இருந்தால் மாநகராட்சியில் உங்கள் பேச்சுக்கு வேறு மரியாதை. ‘வியாபாரமே இல்லைங்க’ என்று எல்லாத் தெருக்காரர்களும்தான் சொல்கிறார்கள்.

சரி, பிளாட்பாரக் கடைகள். தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-இல் வந்தது. கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. இயற்கையாகச் சந்தை உருவான இடம் என்று கணக்கெடுப்பில் வந்துவிட்டால் அதை விற்பனை தடை செய்யப்பட்ட பகுதியாக அறிவிக்க முடியாது. ஆகவே அகற்றக் கோரும் மனு பெரும்பாலும் வழக்கில் போய் நிற்கும். அதே சட்டம் உங்களுக்கு ஒரு வாசலும் வைத்திருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் தெருவோர வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கூடவே வணிகர் சங்கப் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. அந்த இடத்தைக் கேளுங்கள். எந்தக் கடை வாசலை எத்தனை அடி விட வேண்டும், தள்ளுவண்டி எந்தப் பக்கம், எந்த நேரம் என்று அங்கே உட்கார்ந்து பேசுங்கள்.

என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். பூக்காரம்மாவும் வளையல் விற்பவரும் உங்கள் போட்டியாளர்கள் இல்லை. மல்லிகை வாங்க நின்றவர்தான் பக்கத்து ஜவுளிக்கடைப் பொம்மையை நிமிர்ந்து பார்க்கிறார். உங்கள் எண்ணிக்கையில் அவர்களிடம் நிற்கும் கூட்டத்தைத் தனியாகக் குறித்துப் பாருங்கள். சங்கத்தில் பாதிப் பேர் மனம் மாறுவார்கள்.

கடன் விஷயம் கொஞ்சம் சிக்கல், ஆனால் உயிர்நாடி. பழைய கடைக்காரர் பலருக்கு ஏற்கெனவே கடன் இருக்கிறது, தவறான இடத்தில். தண்டல் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: கையில் 8,500 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாளில் 10,000 வாங்குகிறார்கள். பதினைந்து சதவீதம்தானே என்று தோன்றும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டுக் கணக்கில் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். வாடகையும் கரண்ட் பில்லும் இவ்வளவு தின்பதில்லை. முதலில் இந்தத் தண்டலை வங்கிக் கடனால் அடைக்க வழி பாருங்கள். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 50,000 வரை, 5 லட்சம் வரை, 10 லட்சம் வரை என்று படிகள் உண்டு. வங்கி மேலாளர் பார்ப்பது கணக்குப் புத்தகத்தை. க்யூஆர் பணம் வீட்டு சேமிப்புக் கணக்கில் விழாமல் கடை பெயரில் நடப்புக் கணக்கில் ஆறு மாதம் விழுந்தால் அதுவே பாதிச் சிபாரிசு.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். ஏஜெண்டுக்கு ஆயிரம், இரண்டாயிரம் கொடுக்காதீர்கள். வாங்கி விற்கும் கடைகளும் 2021 ஜூலை முதல் பதியலாம். அந்தக் கடைகளுக்கு வங்கியின் முன்னுரிமைக் கடன் என்ற ஒரு பலன் மட்டும்தான் கிடைக்கும். தையல், தச்சு, நகை வேலை போன்ற கைத்தொழில் செய்பவர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் இன்னும் பொருத்தம்: வயது 35 ஆகியிருக்க வேண்டும், 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், மானியத்தின் உச்சம் 50,000. விண்ணப்பத்துக்கு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். தெருவோர வியாபாரிகளுக்கு பிஎம் ஸ்வாநிதி என்ற மத்திய அரசின் கடன் திட்டம் இருக்கிறது; இப்போது முதல் தவணை 15,000, அடுத்து 25,000, பிறகு 50,000. அந்தப் படிவத்தைச் சங்க ஆபீசிலேயே நிரப்பிக் கொடுத்தால் பிளாட்பாரச் சண்டையும் பாதி தணியும்.

மூடிக் கிடக்கும் ஷட்டர்கள் பெரும்பாலும் கடைக்காரர் பிரச்சினை இல்லை, சொந்தக்காரர் பிரச்சினை. வாடகைக்கு விட்டால் காலி செய்ய மாட்டார்கள் என்ற பழைய பயம். பங்காளி வழக்காக இருந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, விட்டுவிடுங்கள். வெறும் பயமாக இருந்தால் பேசலாம். 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2019 பிப்ரவரி முதல் புதுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டுப் பதிய வேண்டும், ஒப்பந்தக் காலம் முடிந்தால் காலி செய்யக் கேட்கும் உரிமை தெளிவாக இருக்கிறது. தீபாவளி, பொங்கலை ஒட்டி மூன்று மாதத்துக்கு மட்டும், குறைந்த அட்வான்சில் ஒரு புதுக் கடைக்கு விட்டுப் பாருங்கள் என்று சங்கமே நடுவில் நின்று கேட்கலாம். எது வேண்டும் என்பதையும் யோசியுங்கள். ஏழாவது ரெடிமேட் கடையை விட, உட்கார்ந்து காபி குடிக்க ஓர் இடம் வந்தால் ஆட்கள் தெருவில் இன்னும் அரைமணி நேரம் கூடுதலாக இருப்பார்கள்.

வளைவு வேண்டாம். அதில் நன்கொடையாளர் பெயர் வரும், வாடிக்கையாளர் வரமாட்டார். அந்தப் பணத்தில் பெண்களுக்கு ஒரு சுத்தமான கழிப்பறை, தினமும் கழுவ ஒரு ஆள். குடும்பமாகத் துணி எடுக்க வருபவர்கள் பழைய நகரை விட்டு மாலுக்குப் போனதற்கு இது எவ்வளவு பெரிய காரணம் என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். நகர்ப்புற நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தருகிறது. வார்டு கவுன்சிலர் கூட்டும் பகுதி சபையில் இதைப் பதிவு செய்துவிட்டு, மண்டல அலுவலகத்தில் உங்கள் எண்ணிக்கைத் தாள்களோடு போய் நில்லுங்கள்.

டைல்ஸ் பிறகு வரலாம், இரண்டு நிபந்தனைகளோடு. ஆடித் தள்ளுபடியிலிருந்து பொங்கல் வரை ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது. பாதாளச் சாக்கடை, குடிநீர், கேபிள் எல்லாம் முடிந்த பிறகே தரை. இல்லாவிட்டால் போட்டதையே மறுபடி பெயர்ப்பார்கள். மாசி வீதிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறப்பதற்கு முன்னால் வண்டிகளை நிறுத்தி ஒத்திகை பார்த்தார்கள். நீங்களும் நான்கு ஞாயிற்றுக்கிழமை மாலை வண்டி விடாமல் பாருங்கள். மறுபடி எண்ணுங்கள். கூட்டம் குறைந்தால் யோசனையையே கைவிடலாம், செலவு நான்கு தடுப்புக் கம்பிதான்.

ஆப் செய்ய இரண்டு லட்சம் கேட்கிறார்களா? கொடுக்காதீர்கள். ஒரு தெருவுக்காக யாரும் ஆப் இறக்க மாட்டார்கள். அறுபது கடைகளையும் கூகுள் மேப்பில் சரியான பெயர், நேரம், போன் எண், உள்ளே எடுத்த படம் நான்கோடு ஏற்றச் சொல்லுங்கள். பிறகு ஏழெட்டுக் கடைகள் சேர்ந்து ஒரு டெலிவரிப் பையன் வைத்து, வாட்ஸப்பில் வரும் ஆர்டரை அன்றே அண்ணா நகருக்கும் கே.கே. நகருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். நீங்கள் வேலைக்கு வைக்கும் அந்த ஆளுக்கு மூன்றாவது மாதம் செய்ய இது நல்ல வேலை.