உயிரோடு வந்தவர்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ரீச்சருக்கு,

நான் யாழ் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். போன மாதம் பருத்தித்துறை பஸ்ஸில் ஒரு ஆமிக்காரர் எழும்பி என் அம்மம்மாவுக்கு இடம் விட்டார். அம்மம்மா இருக்கவில்லை. யாழ்ப்பாணம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பெடியனுக்கு என் வயதுதான் இருக்கும். போர் முடிந்தபோது அவனும் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருப்பான். என்னோடு படிக்கும் சிங்கள நண்பனிடம் இதைச் சொன்னேன். போரை வெறுக்கலாம், போருக்குப் போனவனை வெறுக்கக்கூடாது என்றான். எனக்கும் அது சரியென்று படுகிறது. அவர்கள் தங்கள் படையினரை மதிப்பதுபோலத்தானே நாங்களும் எங்கள் போராளிகளை மதிக்கிறோம்? படையினரையும் அவர்கள் செய்த போரையும் பிரித்துப் பார்க்கலாமா? பலாலியில் இந்திய இராணுவத்துக்கு நினைவுத்தூபி இருக்கிறதே, அதை எப்படி எடுத்துக்கொள்வது?

ம., கோண்டாவில்

அன்புள்ள ம.,

வருகிற கடிதம் எல்லாவற்றுக்கும் நான் பதில் எழுதுவதில்லை. உம்முடைய கடிதத்தில் ஒரு வரி, கொஞ்சக் காலமாக என்னை நித்திரை கொள்ளவிடாத விஷயத்தில் போய் முட்டியது. அதற்கு வருகிறேன். முதலில் உமக்கு ஒரு பேச்சு இருக்கிறது, வாங்கிக்கொள்ளும்.

அம்மம்மாவை நினைத்து நீர் ஏன் வெட்கப்பட்டீர்? ஏன் இருக்கவில்லை என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீரா? 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது அவர் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு போனார், யாரை விட்டுவிட்டுப் போனார்? எந்தச் சுற்றிவளைப்பில், முகத்தை மூடிக்கொண்டு ஆள்காட்டிய எந்தத் தலையாட்டிக்கு முன்னால் அவருடைய ஆட்களை இருத்தினார்கள்? பல்கலைக்கழகம் வரை படித்த பிள்ளை, ஒரே வீட்டுக்குள் இருக்கும் சரித்திரத்தைக் கேட்காமல் சிங்கள நண்பனிடம் போய் விளக்கம் கேட்டிருக்கிறீர். இன்றைக்கே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் இருந்து கேளும்.

அந்தப் பெடியனில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வயதான மனுசி நிற்கக் கண்டு எழும்பியிருக்கிறான். அவனை நல்லபடி வளர்த்திருக்கிறார்கள். அவன் எழும்பியதும் சரி, அம்மம்மா இருக்காததும் சரி. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும்படி உம்மை ஒருவரும் கேட்கவில்லை.

பலாலித் தூபியைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். 1987இல் அமைதி காக்கவென்று வந்து இங்கே இறந்த ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினருக்கும் தாய்மார் இருந்தார்கள். 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாளில் யாழ் பெரியாஸ்பத்திரிக்குள் அந்தப் படையால் சுடப்பட்ட வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் நோயாளிகளுக்கும் தாய்மார் இருந்தார்கள். 1990 மார்ச்சில் அந்தப் படை கப்பலேறிச் சென்னையில் போய் இறங்கியபோது, வரவேற்கப் போகமாட்டேன் என்று நின்றவர் தமிழ்நாட்டின் அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி. அனுப்பின நாட்டிலேயே அவ்வளவு கருத்துப் பிளவு இருந்தது. இதற்குமேல் அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

உம்முடைய நண்பன் சொன்னது பாதி சரி. மற்றப் பாதிக்கு அவனுக்குத் தென்மராட்சி மிருசுவிலில் நடந்ததைச் சொல்லும். 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்திருந்து தங்கள் வீடு வளவைப் பார்த்துவரப் போன 8 பேரை இராணுவத்தினர் கொன்று புதைத்தார்கள். அதற்குள் ஒன்று 5 வயதுக் குழந்தை. 2015இல் ஒரு சார்ஜன்டுக்கு மரண தண்டனை விதித்தார்கள், 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது, 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய பொதுமன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். போரையும் போருக்குப் போனவனையும் பிரிப்பதென்றால், அவன் தன் கையால் செய்ததை அவன் பேரிலேயே எழுதத்தான் வேண்டும். அதைச் செய்ய உம்முடைய நண்பன் ஆயத்தமென்றால் அவனோடு எவ்வளவு தூரமும் கதைக்கலாம்.

இனி அந்த வரி. "நாங்களும் எங்கள் போராளிகளை மதிக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர். யாரை மதிக்கிறோம், தம்பி?

செத்தவர்களை மதிக்கிறோம். மாவீரர் நாளான நவம்பர் 27 பின்னேரம் 6.05க்குச் சுடர் ஏற்ற நானும் போகிறேன். மாவீரரைப் புதைத்த கோப்பாய்த் துயிலும் இல்லத்தை இடித்து அதன்மேல் இராணுவ முகாம் கட்டினார்கள். அதற்குக் கிட்டவுள்ள காணியில் நின்று தாய்மார் அழும்போது கூட அழாமல் வர என்னால் முடிவதில்லை. அந்த அழுகையில் ஒரு பொய்யும் இல்லை. நான் கேட்பது சாகாதவர்களைப் பற்றி. 2009க்குப் பிறகு புனர்வாழ்வு என்று தடுத்துவைத்திருந்து விட்டவர்கள் 11,000க்கும் மேல். அதற்குள் தாங்களாக விரும்பிப் போனவர்களும் இருந்தார்கள், கடைசி வருடங்களில் தாய் கதறக் கதறப் புலிகள் இயக்கம் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளும் இருந்தார்கள். கோண்டாவிலில் அவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன செய்து சாப்பிடுகிறார்கள் என்று உமக்குத் தெரியுமா?

இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு கொட்டில் பள்ளிக்கூடத்தில் நான் படிப்பித்தபோது முன்வாங்கில் ஒரு பிள்ளை இருந்தாள். கணக்கில் படு கெட்டிக்காரி. நான் கரும்பலகையில் எழுதி முடிக்க முதலே விடையைச் சொல்லிவிடுவாள். ஒரு நாள் வரவில்லை. பிறகு தலைமயிரைக் கட்டையாக வெட்டி, சைக்கிளில் என்னைக் கடக்கும்போது கையைக் காட்டுவாள். 2012 அளவில் தடுப்பால் வந்து இங்கே மாமி வீட்டில் இருந்தாள். முதுகுக்குள் செல் துண்டு, இடது கையில் ஒரு விரல் இல்லை. கணக்கு மட்டும் அப்படியே இருந்தது. கணக்கு எழுத ஆள் தேடிக்கொண்டிருந்த ஒரு புடைவைக்கடைக்காரரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சோடா உடைத்துக் கொடுத்தார், அன்பாகக் கதைத்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. இவவை வைச்சால் நாளைக்கு சி.ஐ.டி. வாசலிலை வந்து நிக்கும்" என்றார்.

அதைச் சாட்டு என்று தள்ளமாட்டேன். வந்தார்கள்தான். எங்கே வேலை, என்ன சம்பளம், யாரோடு பழக்கம் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். ஆனால் சில வருடம் கழித்து ஊரில் நினைவேந்தல் செய்யத் தொடங்கியபோது பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் காசு கொடுத்தவர் அதே மனிதர். அங்கும் சி.ஐ.டி. வந்தது, ஆட்களைப் படம் எடுத்தது. அப்போது அவர் முன்வரிசையில் நின்றார். ஒரு பின்னேரம் முழுக்க வந்த துணிவு, ஒரு பிள்ளைக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க ஏன் வரவில்லை என்று அவரைக் கேட்டேன். பதில் சொல்லவில்லை. அவரை மட்டும் ஏன் கேட்பான்? 1987 ஒக்டோபர் 10 கோப்பாயில் விழுந்த, இயக்கத்தின் முதல் பெண் மாவீரர் மாலதியின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பெண்பிள்ளைகளைப் புகழ்ந்த ஊர் இது. அந்தப் பிள்ளைகள் கட்டை மயிரோடு ஒழுங்கைக்குள் திரும்பி வந்தபோது, உள்ளுக்குள் என்ன நடந்ததோ என்று படலையடியில் நின்று கதைத்ததும் இதே ஊர்தான். சம்பந்தம் பேசப் போனால் "தடுப்பிலை இருந்தவவாமே" என்று அத்தோடு நிற்கும். காட்டிக்கொடுத்துத்தான் உயிரோடு வந்திருப்பினம் என்று என் காதுபடச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். சொன்னவர்களில் ஒருவருடைய பிள்ளையும் போருக்குப் போகவில்லை. எல்லாரும் நேரத்தோடு விமானம் ஏறியவர்கள்.

அவளுக்குக் கடைசியில் கிடைத்த வேலை முகமாலையில் கண்ணிவெடி அகற்றுவது. காவலரண்கள் இருந்த அதே மண்ணில், கவசமும் முகமறைப்பும் போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாகக் கிளறும் வேலை. இரண்டு பக்கமும் புதைத்ததை அவள் தோண்டி எடுத்தாள். அந்தக் காசில்தான் தங்கையைப் படிப்பித்தாள். அவளை ஒரு மேடையிலும் ஒருவரும் ஏற்றவில்லை. அவள் அதைக் கேட்கவுமில்லை. ஒரு கதிரையும் ஒரு கணக்குப் புத்தகமும்தான் கேட்டாள்.

தெற்கிலும் இதே சீர்தான். ரணவிரு, அதாவது போர்வீரர் என்று சந்திக்குச் சந்தி சிலை வைத்த நாட்டில், ஊனமுற்ற படையினர் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பில் வீதியோரம் இருந்தார்கள். 2022இல் நாடு வங்குரோத்தான பிறகு, ஓய்வுபெற்ற படையினர் பலர் முகவர்களை நம்பி ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் யாருடையவோ போருக்குப் போய், சிலர் அங்கேயே செத்தார்கள். ஐரோப்பாவுக்கென்று புறப்பட்ட எங்கள் பெடியள் சிலரும் ரஷ்யப் படைக்குள் மாட்டுப்பட்டார்கள். இதையும் உம்முடைய நண்பனிடம் கதையும். பிரிக்கலாமா கூடாதா என்ற வாதத்தைவிட இது உங்கள் இரண்டு பேருக்கும் உதவும்.

கோண்டாவிலில் உங்கள் சனசமூக நிலையம் நவம்பருக்கு முதல் கூட்டம் கூடும்தானே. பந்தலையும் பூவையும் பற்றிக் கதைத்து முடிய நீர் எழும்பும். தடுப்பால் வந்தவர்களில் யாருக்கு வேலையில்லை, யாருடைய பிள்ளைக்கு ரியூசன் காசு இல்லை என்று கேளும். யாராவது முகம் சுளித்தால் இருக்காதேயும், திரும்பக் கேளும். கிடைக்கும் பெயர்களைக் கடிதத்தில் எழுதவேண்டாம், போனிலும் சொல்லவேண்டாம். ஒரு சனிக்கிழமை நேரில் வாரும். கணக்கு எழுத ஆள் தேடுகிற இரண்டு கடைக்காரரிடம் நான் இப்போதே கதைத்து வைக்கிறேன்.