அச்சுக்கூட அண்ணாச்சி பதில்கள்: ஐந்தாவது பிளேட்டும் வெள்ளைப் பிள்ளையாரும்

கேள்வி: ஒரு காலண்டர் அட்டையில் சில இடம் மட்டும் நிறமில்லாத வார்னிஷ் ஏறிப் பளபளக்க வேண்டும். "அந்த ஸ்பாட் யூவியைத் தனி லேயரில் போட்டுக் கொடுங்கள்" என்று பிரஸ்ஸில் சொன்னார்கள். இல்லஸ்ட்ரேட்டரில் புது லேயர் திறந்து, அதற்கு 'ஸ்பாட் யூவி' என்று பெயர் வைத்து, மஞ்சளில் வரைந்து அனுப்பினேன். "தனி பிளேட்டே வரவில்லை, எல்லாம் மஞ்சளில் போய் விழுந்திருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கே தப்பு?
— டிசைனர் வாசகி, கோவில்பட்டி

பதில்: பாதித் தப்பு உங்களுடையது தாயி, மீதி அந்தப் பிரஸ்காரருடையது. 'லேயர்' என்று அவர் சொன்னது வாய்ப் பழக்கம். ஒவ்வொரு மைக்கும் ஓர் அச்சுத் தகடு, அதுதான் பிளேட். அதை எடுக்கும் மெஷினுக்கு லேயர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது பார்ப்பது ஸ்வாட்ச்சின், அதாவது ஃபைலில் சேமித்து வைத்த நிறத்தின், பெயரை. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு பேருக்கு வெளியே ஐந்தாவதாக ஒரு பெயர் ஃபைலில் இருந்தால்தான் ஐந்தாவது பிளேட் விழும்.

ஸ்வாட்ச் பேனலில் புது ஸ்வாட்ச் எடுங்கள். 'கலர் டைப்' என்ற இடத்தில் 'பிராசஸ்' என்று இருப்பதை 'ஸ்பாட் கலர்' என்று மாற்றுங்கள். பிராசஸ் என்றால் அந்த நாலு மையில் கலப்பது, ஸ்பாட் என்றால் தனி மை, தனி பிளேட். பெயரைப் பிரஸ்ஸில் கேட்டு, அவர்கள் சொல்கிற எழுத்திலேயே வையுங்கள். நிறம் எதுவாகவும் இருக்கலாம், யூவிக்கு ஏது நிறம்? டிசைனில் எங்குமே இல்லாத, கண்ணைக் குத்துகிற பச்சை ஒன்றைக் கொடுப்பது என் வழக்கம். அப்போதுதான் மறந்துபோய் விட்ட துண்டுகூடக் கண்ணில் படும். பளபளக்க வேண்டிய வடிவத்தை அந்த ஸ்வாட்ச்சால் நூறு சதவீதம் நிரப்புங்கள். ஐம்பது, முப்பது என்று சாயல் வைக்காதீர்கள். வார்னிஷ் விழும், இல்லையென்றால் விழாது. நடுவில் ஒன்றும் கிடையாது. லேயர் தனியாக இருப்பது நல்லதுதான், பூட்டி வைக்க உதவும். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

இனி முக்கியமானது. அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, அட்ரிபியூட்ஸ் பேனலில் 'ஓவர்பிரின்ட் ஃபில்' டிக் போடுங்கள். கீழே இருப்பதை அழிக்காமல் அதன் மேலேயே அச்சிடு என்று அர்த்தம். போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் காசு கொடுத்துக் கற்றவன்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பத்திரிகை. மெரூன் பின்னணி, நடுவில் நாலு கலரில் பிள்ளையார், பிள்ளையார் மேல் மட்டும் யூவி. பார்ட்டி டிசைனைப் பார்த்து ஓகே சொன்ன பிறகு, கடைசி நேரத்தில் யூவி வடிவத்தை நான்தான் சேர்த்தேன். ஸ்கிரீனில் அது பிள்ளையாரை மறைத்துக்கொண்டு நின்றது. மறைக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். ஓவர்பிரின்ட் இல்லாததால் மென்பொருள் தன் கடமையைச் செய்தது: மேலே ஒரு கலர் வருகிறது, கீழே இருப்பதைக் குடைந்து எடு. நாலு பிளேட்டிலும் பிள்ளையார் இருந்த இடம் காலி. 1,500 அட்டை ஓடி, லேமினேஷனும் முடிந்து, யூவி ஏறிய பிறகுதான் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தோம். மெரூனுக்கு நடுவே பளபளவென்று வெறும் வெள்ளைத் தாள். பெண்ணின் அப்பா கும்பகோணத்துப் பக்கம். "வெள்ளைப் பிள்ளையாரைத் திருவலஞ்சுழியிலேயே கும்பிட்டுக்கிறோம், பத்திரிகையில வேண்டாம்" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மறு அச்சு என் கணக்கில்.

அன்றிலிருந்து ஃபைல் வெளியே போகுமுன், ஒவ்வொரு பிளேட்டையும் தனித்தனியாகக் காட்டும் செபரேஷன்ஸ் பிரிவ்யூ பார்க்காமல் நான் டீகூடக் குடிப்பதில்லை. இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் இரண்டிலும் அது இருக்கிறது. பிடிஎஃப் எடுத்த பிறகு அக்ரோபேட் ப்ரோவில் 'அவுட்புட் பிரிவ்யூ' திறந்து இன்னொரு தடவை பாருங்கள். உங்கள் ஐந்தாவது பெயரை அணைத்தால் கீழே படம் முழுசாக இருக்க வேண்டும். நாலையும் அணைத்தால் யூவி வடிவம் மட்டும் நிற்க வேண்டும். இரண்டும் சரி என்றால் அனுப்புங்கள்.

தலைகீழ் விபத்தும் உண்டு. வெள்ளை எழுத்துக்கு யாராவது ஓவர்பிரின்ட் போட்டு வைத்திருந்தால் அச்சில் எழுத்தே காணாமல் போகும். கறுப்பாக இருந்த எழுத்தை வெள்ளையாக மாற்றும்போது பழைய டிக் கூடவே வருவதுதான் பெரும்பாலும் காரணம்.

கேள்வி: போட்டோவுக்குள்ளேயே வெள்ளி மை வர வேண்டும். போட்டோஷாப்பில் எப்படிச் சேர்ப்பது?
— மாணவர், மதுரை

பதில்: படம் முதலில் சிஎம்ஒய்கே ஆகட்டும், அதாவது அந்த நாலு மைக்கு நாலு சேனல். வெள்ளி வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுத்து, சேனல்ஸ் பேனலின் மெனுவில் 'நியூ ஸ்பாட் சேனல்' கொடுங்கள் தம்பி. பான்டோன் 877 என்ற மை எண்ணைச் சொன்னால் பிரஸ்ஸில் வெள்ளி என்று புரிந்துகொள்வார்கள். அங்கே 'சாலிடிட்டி' என்று ஓர் எண் இருக்கும். அது ஸ்கிரீனில் காட்டத்தான், அச்சில் மை அதிகமாகவும் ஆகாது, குறையவும் செய்யாது. இதைப் புரிந்துகொள்ளாமல் 'நூறு வைத்தேன், வெள்ளி மங்கலாக இருக்கிறது' என்று மெஷின்மேனிடம் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இங்கே கதை நேர்மாறு. போட்டோஷாப்பில் ஸ்பாட் சேனல் கீழே உள்ள படத்தைத் தானாகக் குடையாது, அதன் மேலேயே விழும். சுத்தமான வெள்ளி வேண்டுமானால் அதே வடிவத்தை நாலு சேனலிலும் நீங்களே அழிக்க வேண்டும். அழிக்குமுன் செலக்‌ஷனை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே சுருக்கிக்கொள்ளுங்கள். 300 டிபிஐயில் ஒரு பிக்சல் மில்லிமீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். அந்த மயிரிழை மேலமர்வு இல்லாவிட்டால், ரிஜிஸ்டர், அதாவது பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, துளி நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு பல்லிளிக்கும். பிஎஸ்டியாகச் சேமித்து இன்டிசைனில் வையுங்கள். ஜேபெக் ஆக்கினால் ஸ்பாட் சேனல் போயே போய்விடும்.

கேள்வி: நாலு கலரோடு ஒரே ஒரு ஸ்பாட் ஆரஞ்சுதான் போட்டேன். ஆறு பிளேட் வருகிறது என்கிறார்கள். எப்படி?
— வாசகர், ஈரோடு

பதில்: ஓர் இடத்தில் ஸ்வாட்ச் பெயருக்குப் பின்னால் 'சி', இன்னோர் இடத்தில் 'யூ' என்று இருக்கிறதா பாருங்கள். பூச்சுள்ள கோட்டட் தாளுக்கு ஒன்று, பூச்சில்லாத அன்கோட்டட் தாளுக்கு ஒன்று. மை டப்பா ஒன்றேதான், மெஷினுக்கோ இரண்டு பெயர், ஆகவே இரண்டு பிளேட். வேறொருவர் செய்த லோகோவை ஒட்டும்போதுதான் இது நுழையும். இன்டிசைனில் 'இங்க் மேனேஜர்' திறந்து ஒன்றை இன்னொன்றின் 'ஏலியஸ்', அதாவது மாற்றுப்பெயர், ஆக்கிவிடுங்கள். பக்கத்திலேயே 'ஆல் ஸ்பாட்ஸ் டு பிராசஸ்' என்று ஒரு டிக் இருக்கும். அவசரத்தில் அதைத் தொட்டால் ஆரஞ்சு மெஜந்தாவும் மஞ்சளுமாகக் கலங்கி, நீங்கள் ஸ்பாட் போட்டதே வீண்.

கேள்வி: தங்கக் கலர் ஸ்வாட்ச் வைத்தால் ஸ்கிரீனில் சாணிக் கலராகத் தெரிகிறதே அண்ணாச்சி?
— வாசகர், திருத்தங்கல்

பதில்: மானிட்டரில் தங்கம் கிடையாது தம்பி. பார்ட்டியிடம் அசல் மையில் அச்சடித்த ஷேட் கார்டைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்கிரீனைக் காட்டாதீர்கள்.