7 வயது மகன் வீட்டில் குறைவாகத்தான் சாப்பிடுகிறான், ஆனாலும் எடை ஏறுகிறது. உணவுப் பழக்கம்தான் காரணமா?

‘தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகளைப் பற்றி நானும் குழந்தை மருத்துவரிடம் இதையேதான் சொன்னேன். நான் மருத்துவரோ உணவு நிபுணரோ இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மருத்துவர் அவள் எடையோடு உயரத்தையும் அளந்து, பி.எம்.ஐ. (எடை உயரத்துக்கு ஏற்றதா என்று காட்டும் எண்) கணக்கிட்டு, வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்தார். பெரியவர்களுக்கு இருப்பதுபோல் 25 வந்தால் அதிக எடை, 30 வந்தால் உடல் பருமன் என்ற பொதுக் கணக்கு குழந்தைகளுக்கு இல்லை. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத்தான் பார்ப்பார்களாம். பொதுவாக 5, 6 வயதுவரை பி.எம்.ஐ. குறைந்துகொண்டே வந்து, அப்புறம்தான் மெல்ல ஏறும். இவளுக்கு அந்த ஏற்றம் முன்னாலேயே தொடங்கியிருந்தது. டயட் கியட் என்று எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் வாயில் போவதையெல்லாம் எழுதி வரச் சொன்னார், குடிப்பது உட்பட.

நோட்டை மகளிடமே கொடுத்துவிட்டேன். இரண்டாம் வகுப்பு, எதையாவது எழுதக் கிடைத்தால் போதும் அவளுக்கு. நடுவில் ஒரு பக்கத்தில், கொட்டை எழுத்தில், ‘ஜூஸ். அப்பா. அம்மாகிட்ட சொல்லக் கூடாது’ என்று இருந்தது. என் கணவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டுமே! சாப்பாட்டு வேளைகளில் தப்பே இல்லை. பள்ளி விட்டு வந்ததிலிருந்து இரவுச் சாப்பாடு வரைக்கும் உள்ள நேரத்தில்தான் பிஸ்கட், ஜூஸ், மறுபடி பிஸ்கட். அத்தனையும் டிவி முன்னால். அப்புறம் தட்டில் மிச்சம் வைக்காமல் என்ன செய்வாள்?

330 மில்லி குளிர்பானத்தில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கும், எட்டொன்பது டீஸ்பூன். குடித்ததை வயிறு சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, அடுத்த வேளைச் சாப்பாடு அந்த அளவுக்குக் குறைவதில்லை. உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைக்கச் சொல்லும் சர்க்கரையில் (மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள்) பழச்சாறும் சேர்த்திதான். முழுப் பழம் அந்தக் கணக்கில் வராது.

உடனே ‘மரபணு என்று ஒன்று இருக்கிறது, தெரியுமா?’ என்று கிளம்பி வராதீர்கள். தெரியும். தூக்கக் குறைவு, ஓடியாடாதது எல்லாமும் உண்டு. ஆனால் ஹார்மோன் கோளாறால் குண்டாகும் குழந்தைகள் மிகச் சிலரே, அவர்களுக்குப் பெரும்பாலும் உயரமும் சரியாக ஏறாது. அதைச் சோதிக்க வேண்டுமா என்று மருத்துவர் சொல்லட்டும்.

பையனைப் பட்டினி மட்டும் போட்டுவிடாதீர்கள். வளரும் வயது, பெரும்பாலான குழந்தைகளுக்கு எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் கூடக் கூடச் சரியாகிவிடும். எங்கள் வீட்டில் ஜூஸ் வாங்குவதை நிறுத்தினோம், டிவி முன்னால் தின்பதை நிறுத்தினோம். ‘தட்டைக் காலி பண்ணு’ என்று சொல்வதையும் விட்டுவிட்டோம். போதும் என்றால் போதும்தான். வளர்ச்சி வரைபடத்தில் அவளுடைய கோடு இப்போது பழையபடி செங்குத்தாக ஏறவில்லை.

எனக்கு இன்னும் ஆறாதது வேறு. பள்ளிச் சீருடை வயதுக் கணக்கில்தான் தைத்து வருகிறது. இவளுக்கு இடுப்பு சரியாக வரும் பாவாடை கணுக்கால் வரை தொங்குகிறது. வரிசையில் எல்லார் முன்னாலும் ‘இந்தச் சைஸுக்கெல்லாம் எங்ககிட்ட இல்லை’ என்றார்கள். குழந்தைக்குக் காது கேட்காதா? அளவெடுத்துத் தைத்துக்கொள்கிறோம் என்றாலும் விடுவதில்லை, துணி அவர்களிடம்தான் வாங்க வேண்டுமாம்.