மலைக் குளிர்தான் காரணமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். என் மகனுக்கு நாலு வயது. ஏழு மாதம் வரை ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு மூன்று முறை நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காதில் சீழ் வடிவது நிற்பதே இல்லை. டான்சிலாக இருக்குமோ என்று காட்டினால், டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு டான்சிலே தெரியவில்லை என்றார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, கீழே போய்விடு என்கிறார்கள். சொந்தத்தில் கட்டியதால்தான் என்கிறார் மாமியார். என் அண்ணன் சின்ன வயதிலேயே நெஞ்சுச் சளி வந்து இறந்துபோனான். மூத்த மகள் நன்றாக இருக்கிறாள். தங்கை இப்போது ஏழு மாத கர்ப்பம். எதிர்ப்பு சக்திக்கு டானிக் கொடுக்கலாமா?

பதில்: அம்மா, இதற்காக வீட்டைக் காலி செய்துகொண்டு கீழே இறங்க வேண்டாம். நிமோனியா கிருமியால் வருவது. மழை நாளில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் இருப்பதும், விறகடுப்புப் புகையும் அதற்கு வழிவிடும், அது உண்மைதான். ஆனால் அதே வீட்டில், அதே புகையில் வளரும் மகளுக்கு ஒன்றும் இல்லையே. ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, அல்லது நாலு முறையோ அதற்கு மேலோ காதில் சீழ் என்று வந்தாலே பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்த ஏழு மாதம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் ரத்தத்திலிருந்து ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதம் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. ஏறக்குறைய ஆறு மாதம் வரை குழந்தையைக் காப்பது அதுதான். அது தீரும்போது குழந்தையின் உடம்பே சொந்தமாகத் தயாரிக்க வேண்டும். அதைத் தயாரிக்கும் பி செல்கள் (ஒரு வகை வெள்ளணுக்கள்) இல்லாத குழந்தைக்கு அப்போதுதான் தொல்லை தொடங்கும். டான்சிலில் நிறைந்திருப்பதும் பெரும்பாலும் இதே பி செல்கள்தான். அடிக்கடி சளி பிடிக்கும் நாலு வயதுக் குழந்தைக்கு டான்சில் புடைத்துத் தெரிய வேண்டும். தெரியவே இல்லை என்றால் அதை விட்டுவிடக் கூடாது.

இவற்றோடு உங்கள் அண்ணன் இறந்ததையும் சேர்த்துப் பார்த்தால், எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும், பி செல்களும் எதிர்ப்புப் புரதமும் உண்டாகாத அகாமாகுளோபுலினீமியா என்ற நோயை முதலில் சந்தேகிக்கிறேன். 1952-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன் எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் கண்டறிந்தது இது. பெண்கள் வழியாக வந்து, ஆண் குழந்தைகளைத் தாக்கும். சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதை மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். (வேறு சில குறைபாடுகள் உறவுத் திருமணத்தில் அதிகம் வருவது நிஜம்.) உங்கள் மீதும் தப்பில்லை. எந்த மரபணு வரும் என்று யாரும் தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை.

டானிக், சத்து மாவு, மலைத்தேன் எதுவும் இல்லாத புரதத்தை உண்டாக்காது. அந்தக் காசைப் பரிசோதனைக்கு வையுங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போய், ரத்த அணுக்களின் எண்ணிக்கையோடு ஐ.ஜி.ஜி., அதே போன்ற எதிர்ப்புப் புரதங்களான ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். அளவுகளையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்வார்கள். எதிர்ப்புச் சக்தி குறைய அதுவும் ஒரு காரணம் என்பதால் எல்லோருக்கும் செய்வதுதான், சங்கடப்படாதீர்கள். ஊட்டச்சத்துக் குறைவு, சிறுநீரில் புரதம் போவது, நீண்ட நாள் ஸ்டீராய்டு ஆகியவையும் காரணமாகலாம். பி செல்களை எண்ணும் பரிசோதனைக்குக் கோவைக்கோ வேலூருக்கோ போக வேண்டி வரலாம். பழைய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. சிக்கில் செல் என்ற பரம்பரை ரத்த நோய் மண்ணீரலைப் பாழாக்குவதால் அந்தக் குழந்தைகளுக்கும் நிமோனியா கடுமையாக வரும். தினமும் தரும் பென்சிலினை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

நான் சந்தேகிப்பது உறுதியானால், மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை இம்யூனோகுளோபுலின் மருந்தை, அதாவது அந்த எதிர்ப்புப் புரதத்தையே, ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். ஆயிரக்கணக்கானோர் தானம் தந்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து எடுப்பது அது. வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும், விலையும் அதிகம். அதனால் அரசு உதவிக்கு அப்போதே விண்ணப்பியுங்கள். 2021-ன் தேசிய அரிய நோய்க் கொள்கையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஒழுங்காக ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், வளர்ந்து, வேலைக்கும் போகிறார்கள். தாமதித்தால் நுரையீரல் குழாய்கள் நிரந்தரமாகக் கெட்டுவிடும். எனக்கு அதுதான் கவலை.

போலியோ சொட்டில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி என்பதால், முடிவு தெரியும்வரை மகனுக்கு அது வேண்டாம். முகாமில் காரணத்தைச் சொல்லுங்கள். ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுங்கள். காய்ச்சல் வந்தால், அவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். நாற்பதோ அதற்கு மேலோ இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

தங்கையிடம் இன்றே பேசுங்கள். ஆண் குழந்தை பிறந்தால், பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியும் போலியோ சொட்டும் போடும் முன்பே குழந்தை மருத்துவரிடம் இந்தக் குடும்ப விவரத்தைச் சொல்ல வேண்டும். அப்போது ஐ.ஜி.ஜி. மட்டும் பார்த்துப் பயனில்லை, அது தாயிடமிருந்து வந்ததாக இருக்கும். பி செல்களை எண்ணச் சொல்லுங்கள்.